திரும்பி வந்த பை

கேள்வி:

அக்கா, ஸ்தோத்திரம். எனக்கு வயது 46, சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம். டெல்லிக்கு வந்து 19 வருடம் ஆகிறது, ஜனக்புரியில் இருக்கிறோம். எங்கள் தமிழ்ச் சபையில் எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து, இரண்டு வருடமாக மாதம் ஒரு சனிக்கிழமை ஹஸ்த்சால் பக்கம் இருக்கும் பர்மா அகதிகளுக்கு மளிகைப் பை கொடுத்து வருகிறோம். ஐந்து கிலோ ஆட்டா, துவரம் பருப்பு, எண்ணெய், பிஸ்கட். பை மேல் சபை பெயர் போட்ட ஸ்டிக்கர். யாரிடமும் வசூல் இல்லை, எல்லாம் எங்கள் சம்பளம். போன மாதம் ஒரு அம்மா பையை வாங்கி, உள்ளே பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லார் முன்னாலும். அதற்கு முந்தின மாதம் அவர்கள் சபைப் பெரியவர் ஒருவர் போட்டோ எடுக்க வேண்டாம் என்றார். நாங்கள் ரொம்ப நெருங்கிப் பழகிய குடும்பம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆஸ்திரேலியா போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவர்களில் 60 பேருக்குச் சமைத்தோம், 9 பேர் வந்தார்கள். நன்றியை எதிர்பார்க்கக் கூடாது என்று தெரியும். தாழ்மையோடுதான் செய்கிறோம். ஆனாலும் மனசு கசந்துவிட்டது. என் மனைவி அந்தப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கலாம் என்கிறாள். எனக்கோ எல்லாவற்றையும் விட்டுவிடலாம் போல இருக்கிறது. என்ன செய்ய?

பதில்:

தம்பி, அக்கா என்று எழுதிவிட்டீர்கள், நானும் தம்பி என்றே எழுதுகிறேன்.

அந்த மக்களை விடாதீர்கள். பையை மட்டும் மூன்று மாதம் விட்டுவிடுங்கள். இதுதான் என் பதில். ஏன் என்பதற்குத்தான் மீதிக் கடிதம்.

நான் மருத்துவச் சமூகப்பணியாளர். டெல்லியில் 27 வருடம் வேலை பார்த்திருக்கிறேன், அதில் 11 வருடம் மேற்கு டெல்லியின் அகதிக் குடும்பங்களோடு. விகாஸ்புரி, புடேலா, ஹஸ்த்சால், உத்தம் நகர் என்று நீங்கள் ஏறுகிற அதே மாடிப்படிகளில் நானும் ஏறியிருக்கிறேன். ஒரு ஆள் ஏறும் அகலம், தளத்துக்குத் தளம் செருப்புக் குவியல். மேலே போகப் போக வாடகை குறையும், வெயில் கூடும். உங்களுக்கு வலித்தது எனக்கும் வலித்திருக்கிறது. அதை அற்பம் என்று சொல்ல மாட்டேன். சம்பளத்தில் வாங்கி, தோளில் சுமந்து நாலு மாடி ஏறினவருக்கு அந்த வலி வரத்தான் செய்யும்.

முதலில், சொல்லாமல் போன குடும்பம். உங்கள் மனதை ரொம்ப அறுப்பது அதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் அதில் உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையிலும் 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் சேராத நாடு. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே கிடையாது. டெல்லிக்கு வந்து சேரும் பர்மாக்காரர்களை ஐ.நா. அகதிகள் ஆணையம் பதிவு செய்து, பல சுற்று விசாரணைக்குப் பிறகு ஒரு அட்டை தருகிறது. அந்த அட்டையை வைத்து ஆதார் வாங்க முடியாது, ரேஷனும் கிடைக்காது. வேறு நாட்டில் குடியமரும் வாய்ப்பு, உலகம் முழுக்கக் கணக்கெடுத்தாலும், வருடத்துக்கு நூறு அகதிகளில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. அப்படி ஒன்று வந்துவிட்ட வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் நாட்டை விட்டுப் போக அனுமதி. எந்தப் படியிலும் அது நின்றுபோகலாம். விமானத்தில் உட்காரும்வரை எதுவும் நிச்சயம் இல்லை. பக்கத்து அறையில் பத்து வருடமாகக் காத்திருப்பவர் இருப்பார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நம் வீட்டில் பெண் உண்டானால் மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்கிறோமா? அதே பயம்தான். அவர்கள் உங்களை மறந்துவிட்டுப் போகவில்லை. யாரிடமும் சொல்ல முடியாமல் போயிருக்கிறார்கள்.

போட்டோ விஷயத்தில் அந்தப் பெரியவர் சொன்னதே சரி. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். 2021 பிப்ரவரி 1 அன்று பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததிலிருந்து, இந்த மக்களில் பெரும்பாலோரின் சொந்த இடமான சின் மாநிலத்தில் நிம்மதி இல்லை. அந்த வருடம் தந்த்லாங் என்ற ஊரில் வீடுகள் எரிந்தபோது, தீயை அணைக்கப் போன ஒரு பாப்டிஸ்ட் போதகர் சுட்டுக் கொல்லப்பட்டார். நீங்கள் பை கொடுக்கும் அம்மாவின் அண்ணனோ தங்கையோ இன்னும் அந்த மலையில் இருக்கலாம். நீங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் போடுகிற படம் அன்று இரவே ஃபேஸ்புக்குக்குப் போகும். அங்கிருந்து எங்கே போகும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆபத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நம் அம்மா ஒரு மளிகைப் பையை வாங்கும்போது யாராவது படம் எடுத்துப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நாம் தாங்குவோமா? பழைய படங்களையும் அழித்துவிடுங்கள். அழித்துவிட்டதை அந்தப் பெரியவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு 9 பேர் வந்ததைப் பற்றி. சின் மலையில் ஹாக்கா என்ற ஊருக்கு அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரிகள் வந்து சேர்ந்தது 1899இல். அதாவது நீங்கள் பார்க்கும் அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து வேதம் தெரியும். டெல்லியில் அவர்கள் ஹாக்கா, ஃபாலம், தெதிம் என்று மொழிவாரியாகக் கூடுகிறார்கள். வாடகை மண்டபத்திலோ யாராவது வீட்டு மாடியிலோ, ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் கலைந்ததும் அடுத்த கூட்டம். கிறிஸ்துமஸ் என்றால் ஒரு நாள் ஆராதனையோடு முடியாது. சேர்ந்து சமைப்பது, விளையாட்டு, பாட்டு எல்லாம் உண்டு. நீங்கள் 60 பேருக்குச் சமைத்த நாளில் அவர்களும் எங்கோ சமைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த 9 பேர் தங்கள் கூட்டத்தை விட்டுவிட்டு உங்களுக்காக வந்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொள்வேன். இரண்டு வருடத்தில் அவர்கள் ஆராதனையில் நீங்கள் ஒரு முறையாவது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அதனால் கேட்கிறேன்.

சரி, இப்போது பை.

அந்த அம்மா ஏன் திருப்பிக் கொடுத்தார் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அவரிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் உடனே வேண்டாம், பழகின பிறகு. எனக்குத் தெரிந்த காரணங்களைச் சொல்கிறேன். அவர்கள் அரிசி சாப்பிடுகிறவர்கள். நம்மைவிட அரிசி சாப்பிடுகிறவர்கள் என்றே சொல்லலாம். ஆட்டாவைப் பிசைந்து ரொட்டி தட்ட அந்த வீட்டில் கல் இருக்காது, பழக்கமும் இருக்காது. நாமே டெல்லிக்கு வந்த புதிதில் ரொட்டியை எப்படிப் பார்த்தோம்? நம்மிடம் ஆட்டா பை வந்தால் வேலைக்காரம்மாவுக்குக் கொடுத்துவிடுவோம். பையைத் திருப்பிக் கொடுத்தவர் யாருக்குக் கொடுப்பார்? இன்னொன்று ஸ்டிக்கர். அந்தக் கட்டடத்தில் பீகார்க்காரர், நேபாளி, உள்ளூர் வீட்டுக்காரர் எல்லாரும் ஒரே படியில் ஏறி இறங்குகிறார்கள். சபை பெயர் ஒட்டிய பையோடு மாடி ஏறுகிற பெண்ணைப் பற்றிக் கீழ்த்தளத்தில் நாலு பேர் பேசுவார்கள்.

மூன்றாவது காரணத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் பழைய பால் பவுடர் டப்பா இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும் முன் அந்த வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைந்தார். எனக்கு ஒரு நொடி எங்கள் ஊரில் நிற்பது போல ஆகிவிட்டது. எங்கள் சபையிலும் பிடி அரிசிக் காணிக்கை உண்டு, உங்கள் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கம் மிசோரம் சபைகளில் 1910இல் தொடங்கிய வழக்கம் இது. வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்து வைத்த அந்தக் கைப்பிடிகளாலேயே ஊழியங்கள் நடந்திருக்கின்றன. டெல்லியில் நான் பார்த்த அந்தப் பெண்ணின் கணவருக்கு அந்த மாதம் கல்யாண மண்டபத்துப் பாத்திரம் கழுவும் வேலைகூட இல்லை. ராத்திரி வாரச்சந்தை கலைகிற நேரத்தில் போய், விற்காமல் ஒதுக்கிப்போட்ட காய்களில் நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு வருவார். அந்த வீட்டிலிருந்துதான் டப்பா நிறைந்து போய்க்கொண்டிருந்தது. "யாருக்கு?" என்று கேட்டேன். "கஷ்டப்படுகிறவர்களுக்கு" என்றார்.

கஷ்டப்படுகிறவர்கள் என்று நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதில் அவர் பெயர் இருந்தது. அவருடைய பட்டியலில் அவர் இல்லை.

உங்கள் பையைத் திருப்பிக் கொடுத்த அம்மாவுக்கும் அப்படி ஒரு பட்டியல் இருக்கலாம், தம்பி. "எனக்கு இந்த மாதம் ஆகிவிடும், வேறு யாருக்காவது கொடுங்கள்" என்று சொல்ல அவருக்கு ஹிந்தி போதாமல் இருந்திருக்கலாம். புறநானூற்றில் கழைதின் யானையார் பாடியது உங்களுக்குப் பள்ளியில் வந்திருக்கும்:

"கொள்ளெனக் கொடுத்தல் உயர்ந்தன்று, அதனெதிர்
கொள்ளேன் என்றல் அதனினும் உயர்ந்தன்று."

எடுத்துக்கொள் என்று கொடுப்பது உயர்ந்தது, வேண்டாம் என்பது அதைவிட உயர்ந்தது. கையில் ஒன்றும் இல்லாத ஒரு பெண் சிரித்த முகத்தோடு "கொள்ளேன்" என்றிருக்கிறார். எல்லார் முன்னாலும் நடந்ததுதான் உங்களுக்கு உறுத்துகிறது. எல்லார் முன்னாலும் வாங்கிக்கொள்வது அவருக்கு இருபத்துநாலு மாதம் உறுத்தியிருக்கும்.

இதை உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்கு ஒரு தப்பினால் வந்தது. 2008 ஜனவரி. நான் அப்போது வேலை பார்த்த நிறுவனம் கம்பளி கொடுத்தது. டோக்கன், வரிசை, கையெழுத்து. ஒரு பெரியவர் வரிசைக்கு வராமல் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பாபா, லைன் மே ஆயியே" என்று சத்தமாகக் கூப்பிட்டேன். வந்து நின்றார். ஊரில் அவர் முப்பது வருடம் தலைமை ஆசிரியராக இருந்தவர் என்பது பிறகு தெரிந்தது. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினவரை நான் வரிசையில் நிறுத்தியிருக்கிறேன். அது ஒரு தப்பு. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை.

அந்த வாரம் எனக்குப் பயங்கர இருமல். அடுத்த வாரம் போனபோது அவர் மனைவி ஒரு தூக்குவாளியோடு மூன்று மாடி இறங்கி வந்தார். இஞ்சி தட்டிப் போட்டு, கருவாட்டு வாசனையோடு, சுடச்சுடப் புளிச்சக்கீரைச் சாறு. நம் புளிச்சக்கீரைதான், அவர்கள் ஊரிலும் அது அன்றாடச் சாப்பாடு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஐயோ வேண்டாம்மா, உங்களுக்கே பத்தாது, நீங்கள் சாப்பிடுங்கள்." அன்போடுதான் சொன்னேன். பயனாளிகளிடம் எதுவும் வாங்கக் கூடாது என்று எங்கள் நிறுவனத்தில் விதியும் இருந்தது. அவர் தூக்கை மூடினார். மூடியை அழுத்தி மூட அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பிறகு படியேறிப் போய்விட்டார். அதற்கப்புறமும் அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறந்தது, கையெழுத்துப் போட்டார்கள், மருந்துச் சீட்டைக் காட்டினார்கள். உட்காரச் சொல்லவில்லை.

நானும் "கொள்ளேன்" என்றுதான் சொன்னேன். ஆனால் இல்லாதவர் சொல்லும்போது உயர்ந்ததாக இருக்கிற அந்தச் சொல், இருக்கிறவர் சொல்லும்போது அடியாக விழுகிறது. "உங்களுக்கே பத்தாது" என்றால் என்ன அர்த்தம்? உன்னிடம் எனக்குத் தருவதற்கு ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதை நான் அந்த அம்மாவிடம் மாடிப்படியில் நின்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த மே மாதம் ஊருக்குப் போனபோது ஆச்சியிடம் இதைச் சொன்னேன். என் அப்பாவைப் பெற்ற ஆச்சி ரங்கூனில் பிறந்தவர். 1962இல் நெ வின் ராணுவ ஆட்சி வந்து, பிறகு கடை கண்ணியெல்லாம் நாட்டுடைமையாகி, நம் ஜனங்கள் லட்சக்கணக்கில் கப்பலேறினார்களே, அதில் 1964இல் நாலு பிள்ளைகளோடு வந்து இறங்கியவர். நம் ஊர்ப்பக்கம் பல டவுன்களில் பர்மா காலனி என்று இன்றும் பெயர் இருக்கிறதே, அப்படி ஒன்றில்தான் குடிவைத்தார்கள். துறைமுகத்தில் யார் யாரோ பழைய துணி கொடுத்தார்கள், பால் கொடுத்தார்கள் என்றார் ஆச்சி. யார் என்று ஒருத்தர் பெயரும் ஞாபகம் இல்லை. ஆனால் காலனிக்கு வந்த நாலாம் நாள், உள்ளூர்க்காரி ஒருத்தி வாசலில் வந்து நின்று "ஏ அக்கா, கொஞ்சம் உப்பு இருக்குமா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் பெயர், அவள் பிள்ளைகள் பெயர், அவள் கட்டியிருந்த சேலை நிறம் வரைக்கும் ஆச்சி சொன்னார். "அன்னைக்குத்தான் நம்ம ஊருக்கு வந்து சேந்தேன்" என்றார்.

டெல்லிக்குத் திரும்பி வந்து, அந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போனேன். கோப்பும் இல்லை, பேனாவும் இல்லை. "அந்தச் சாறு எப்படி வைப்பது என்று எனக்குச் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மனையை எடுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இஞ்சியை நான் நறுக்கியது பிடிக்கவில்லை. கத்தியை வாங்கி வைத்துவிட்டு, கல்லில் தட்டச் சொன்னார். அன்று அந்த வீட்டில் நான் ஒன்றும் தெரியாத சின்னப்பிள்ளை. எனக்குத் தாழ்மை என்று ஏதாவது கொஞ்சம் தெரியும் என்றால், அந்த மனையில் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொண்டதுதான்.

நீங்கள் தாழ்மையோடு கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். ஆனால் எவ்வளவு குனிந்து கொடுத்தாலும் கொடுக்கிற கை மேலேதான் இருக்கும். ஆண்டவர் சமாரியாவில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்த அந்த மத்தியானத்தை நினைத்துப் பாருங்கள். ஊர் அவருடையது இல்லை. நடந்து களைத்திருக்கிறார். மொள்ளப் பாத்திரம்கூடக் கையில் இல்லை. ஊரே ஒதுக்கிவைத்த பெண் வருகிறாள். அவர் போதனையோடு ஆரம்பிக்கவில்லை, அற்புதத்தோடும் ஆரம்பிக்கவில்லை. "தாகத்துக்குத் தா" என்றார். ஜீவத்தண்ணீர் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். இந்தப் பகுதியில் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருப்போம். அவர் கேட்ட அந்த முதல் வார்த்தையை ஊழியத்துக்குப் போகும்போது நாம் எடுத்துக்கொண்டு போவதில்லை.

அதனால்தான் பையை விடச் சொல்கிறேன். முதல் மாதம் நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் போங்கள், எட்டுக் குடும்பமும் வேண்டாம். அவர்கள் ஞாயிறு ஆராதனைக்கு வரலாமா என்று அந்தப் பெரியவரிடம் கேளுங்கள். மொழி புரியாது, இரண்டு மணி நேரம் ஆகும், எழுந்து போகாமல் உட்காருங்கள். சாப்பாடு கொடுத்தால் சாப்பிடுங்கள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் போடச் சொல்லுங்கள். ஊரிலிருந்து ஏன் வந்தீர்கள், என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். அட்டைக்காக அந்தக் கதையை அதிகாரிகளிடம் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போயிருக்கிறார்கள். தானாகச் சொன்னால் காது கொடுங்கள்.

அப்புறம், அவர்களிடம் ஏதாவது உண்மையாகவே கேளுங்கள். எனக்கு ஒன்று தோன்றுகிறது. சின், மிசோ சபைகளில் நாலு குரலில் பாடுவது பிறவியிலேயே வருமோ என்று தோன்றும். டானிக் சோல்ஃபா, அதாவது ஸ்வரங்களை எழுத்துகளால் குறிக்கும் முறையை வைத்துப் பாடுகிறவர்கள். நாசரேத் பக்கத்துக்காரருக்கு அந்த எழுத்தை நான் விளக்க வேண்டியதில்லை. நம் பாடகர் குழுக்களும் அதே எழுத்தில் பாடி வளர்ந்தவைதானே. உங்கள் சபையின் ஈஸ்டர் பாட்டுக்குப் பயிற்சி கொடுக்க அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். உங்கள் குழுவை அவர் திருத்தட்டும், "ஆல்ட்டோ சரியில்லை, மறுபடி" என்று சொல்லட்டும். வெளியாருக்கு என்ன சம்பளம் கொடுப்பீர்களோ அதைக் கொடுங்கள்.

குழுவாகப் போக வேண்டும் என்றால் ஒரு ஞாயிறு எட்டுக் குடும்பமும் சீக்கியர்களின் பங்களா சாஹிப் குருத்துவாராவுக்குப் போய், லங்கர் என்ற பொதுச் சாப்பாட்டுப் பந்தியில் உட்காருங்கள். வேடிக்கை பார்க்க வேண்டாம், சாப்பிட உட்காருங்கள். ரொட்டி கொடுக்க வருகிறவர் முன்னால் இரண்டு கையையும் சேர்த்து ஏந்த வேண்டும், அப்போதுதான் போடுவார்கள். காரில் வந்தவரும் நடந்து வந்தவரும் ஒரே விரிப்பில் அப்படித்தான் ஏந்துகிறார்கள். உங்கள் பிள்ளைகளும் ஏந்தட்டும். அந்த நேரத்தில் கைக்கு என்ன தோன்றுகிறது என்று கவனியுங்கள். உங்களிடம் பை வாங்கும் கைக்கு மாதாமாதம் அது தோன்றுகிறது. சாப்பிட்ட பிறகு, வருகிறவர்களின் செருப்பைப் பாதுகாக்கும் ஜோடா கரில் ஒரு மணி நேரம் அவற்றை வாங்கி வைக்கும் சேவை செய்துவிட்டு வாருங்கள், நல்லதுதான். ஆனால் ஏந்தினதுதான் முக்கியம்.

பைக்கு ஒதுக்கிய பணம் என்ன ஆவது என்பீர்கள். அவர்கள் சமூகத்தில் வைத்தியச் செலவுக்கு என்று அவர்களே ஏதாவது நிதி நடத்துகிறார்களா என்று பெரியவரிடம் கேளுங்கள். இருந்தால் அதில் போடுங்கள், ஸ்டிக்கர் இல்லாமல். கணக்குக் கேட்கலாம், அதில் தவறில்லை. யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று பெயர்ப்பட்டியல் கேட்காதீர்கள். பணத்தைவிட அவர்களுக்கு அதிகம் தேவைப்படுவது ஆள்தான். ஹரி நகர் தீன் தயாள் மருத்துவமனையில் காலையில் ஓபிடி வரிசை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஹிந்தி சரியாக வராத ஒரு பெண் அதில் நிற்பதும், கூட ஒருவர் நிற்பதும் ஒன்றில்லை. கூடப் போகிறவர்களுக்கு என் தொழில் கற்றுத்தந்த ஒன்றைச் சொல்கிறேன். டாக்டர் உங்களைப் பார்த்துத்தான் பேசுவார். நீங்கள் பதில் சொல்லாமல் அந்த அம்மாவைப் பாருங்கள். அவர் தப்பும் தவறுமாகச் சொல்லட்டும், நேரம் ஆகட்டும். அவர் முடித்த பிறகு தேவைப்பட்டால் ஒரு வார்த்தை சேருங்கள். எனக்கு இது பழக ரொம்ப வருடம் ஆயிற்று. இன்னொன்று, வெளிநாட்டுக்கு அனுப்ப வழி தெரியும், ஆள் தெரியும் என்று உங்கள் குழுவில் யாரும் பேச்சுக்குக்கூடச் சொல்லிவிடக் கூடாது. ஐ.நா. ஆணையம் எந்தச் சேவைக்கும் காசு வாங்குவதில்லை. அந்த ஆசையைக் காட்டித்தான் தரகர்கள் கடைசிப் பணத்தையும் பிடுங்குகிறார்கள்.

நாளைக்கு நீங்கள் போகல் பக்கம் ஆப்கானியர்களிடமோ, காளிந்தி குஞ்ச் பக்கம் ரோஹிங்கியாக்களிடமோ போக நேரலாம். அங்கே ஜெபத்தையும் அரிசியையும் ஒரே நாளில் கொண்டுபோகாதீர்கள். பசியோடு இருப்பவரால் ஜெபம் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் விசுவாசத்தைப் பேசுவது நியாயம் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் போதகர் வேறு மாதிரி நினைக்கலாம், அவரோடும் பேசிக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவி சொன்ன டியூஷன் நல்ல யோசனை. கட்டாயக் கல்விச் சட்டம் வந்ததிலிருந்து 6 முதல் 14 வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிக் கதவு திறந்திருக்கிறது, அகதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவர்களுக்கு முட்டுக்கட்டை பெரும்பாலும் ஹிந்திதான். ஆனால் வகுப்பு ஆரம்பிக்கும் முன் விசாரியுங்கள். அந்தத் தெருவிலேயே ஒரு சின் பெண் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கலாம். நான் போன எல்லாத் தெருவிலும் அப்படி ஒருத்தி இருந்தாள். இருந்தால், உங்கள் மனைவி அவளுக்கு உதவியாளராக ஹிந்தி மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். நேரம், பாடம், யார் எங்கே உட்காருவது என்பதையெல்லாம் அந்தப் பெண்ணே சொல்லட்டும். ஏப்ரலில் புதிய வகுப்பு தொடங்கும், அதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

எனக்கும் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. முட்டிவலி வந்ததிலிருந்து நான் அந்தப் பக்கம் போக முடியவில்லை, என் வீட்டுப் பக்கம் புளிச்சக்கீரையும் கிடைப்பதில்லை. அங்கே யாராவது விற்றால் இரண்டு கட்டு வாங்கி வைத்துச் சொல்லுங்கள், ஆள் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா